ஒரே கோரிக்கை, மூன்று எண்கள்

யந்திரத்துக்கு இரக்கம் இல்லை என்று புலம்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இருபத்தாறு வருடம் மனித அதிகாரிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். அவர்களிடம் மட்டும் இரக்கம் கொட்டியா கிடந்தது? மனுவை வாங்கி, மடித்து, பேனா மூடியால் காது குடைந்துகொண்டே 'அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். 'சேவை' என்ற அரசு யந்திரம் வந்த பிறகு அந்த நாடகம் ஒழிந்தது. கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்கும். தவறாகக் கேட்டால் எங்கே தவறு என்று சொல்லும். காது குடையாது.

என் பெயர் ஆவுடையப்பன். மாவட்ட அலுவலகத்தின் பழைய சைக்கிள் ஸ்டாண்டில் எட்டாம் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் என் நாற்காலி. பலகை என்றால் சுவரில் பதித்த ஒரு திரை, அதன் கீழே விசைகள். முன்பெல்லாம் கைபேசியில் வண்ணப் பொத்தானை அழுத்தினால் போதும், அரசாங்கம் வீட்டுக்கு வரும். பிறகு மென்பொருள்கள் மனிதர்கள் பெயரில் லட்சக்கணக்கில் பொய்க் கோரிக்கைகளை அனுப்பின. செத்தவர்கள் எல்லாம் உதவித்தொகை வாங்கினார்கள். அரசு பொத்தான்களை மொத்தமாக மூடிவிட்டது. இனி எவருக்கு எது வேண்டுமானாலும் தன் விரலால் எழுத்தெழுத்தாக அடித்து, சேவையிடம் நேராகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு விசையும் ரேகையைப் படிக்கும்.

ஊரில் பாதிப் பேருக்குக் கோரிக்கையின் தலை எது, வால் எது என்று தெரியாது. அதனால் எங்களைப் போன்ற பழைய மனு எழுத்தர்களுக்கு 'விளக்குநர்' என்று ஓர் உரிமம் கொடுத்தார்கள். கோரிக்கையின் பகுதிகளை விளக்கலாம். வாசகத்தைச் சொல்லித் தரக் கூடாது. சொல்லித் தந்தால் உரிமம் போகும், மூன்று வருடம் சிறை. இந்த எச்சரிக்கையை ஸ்டாண்டில் தூணுக்குத் தூண் ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் சொல்லித் தருவோம்.

ஜெசிந்தா வந்தது ஒரு திங்கட்கிழமை. சேவை ஏழு நாளும் எந்நேரமும் காது கொடுக்கும். ஆனால் எங்கள் ஜனங்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வருவார்கள். குறைதீர்க்கும் நாள் ஆயிற்றே! கலெக்டர் கையால் மனு வாங்குவது நின்று ஒன்பது வருடம் ஆகிறது, பழக்கம் நிற்கவில்லை. மாநிலமே ஒரே நேரத்தில் கேட்டால் எந்தச் சேவைதான் தாங்கும்? திங்கட்கிழமை காலையில் மட்டும் அது திணறும்.

அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தலை வாரியிருக்கவில்லை. செருப்பு இரண்டும் வேறு வேறு.

"அண்ணாச்சி, வலிப்பெட்டிக்கு எழுதணும்" என்றாள்.

"யாருக்கு?"

"எங்க வீட்டுல அவியளுக்கு."

அவள் புருஷன் ரோச், விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். பதினொரு நாளுக்கு முன் பட்டறையில் வாயு உருளை வெடித்து, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் புதுத் தோல் வளர்த்து ஒட்டியிருந்தார்கள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"பொழச்சிருவாவன்னு சொல்லுதாரு அண்ணாச்சி. தோலு பிடிச்சிட்டாம். இன்னும் ஒரு மாசம் இந்த வலியத் தாண்டிட்டாப் போதும், நடந்து வீட்டுக்குப் போவலாம்னு சொல்லுதாரு. ஆனா அவியளால முடியல. பல்லக் கடிச்சுக் கடிச்சு ஒரு பல்லே ஒடஞ்சிட்டு. அத முழுங்கிட்டாவ."

வலிப்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரை எலும்புக்குக் கீழே தைத்துவைக்கிற சின்னப் பெட்டி அது. படிப்படியாக மருந்தை இரத்தத்தில் விடும். நாலாம் படியில் வலி பாதி குறையும், ஐந்தில் தூங்கலாம், ஆறில் தட்டினாலும் எழுந்திருக்க முடியாது. ஏழில் மூச்சு நிற்கும். முதலில் ஐந்துக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்திருந்தார்கள். வரம்புக்குள் கிடந்து துடித்துச் செத்தவர்களின் படங்களை நாடே பார்த்த பிறகு நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. வலி எவ்வளவு என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும், ஆஸ்பத்திரி கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஒரு கோரிக்கைக்கு ஒரு படி ஏற்றலாம். குறைக்க வேண்டுமானால் மட்டும் நோயாளியே தன் விரலால் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுமைக்காரக் குடும்பம் மருந்தை நிறுத்திச் சித்திரவதை செய்யுமாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாத சட்டம்தான்.

"இப்ப எத்தனாம் படி?"

"நாலு. அஞ்சு வச்சாத் தூங்கிருவாவ. ஒரு படி ஏத்திட்டு ஆறு மணி நேரம் விட்டுரணும்னு டாக்டர் சொன்னாரு."

நான் எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோ. எவன் வந்து கேட்டாலும் நீயே யோசிச்சு நீயே அடிச்சதாத்தான் சொல்லணும். நான் பகுதிய மட்டும்தான் வெளக்குனேன். சரிதானா?"

"மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

பலகையின் முன் உட்கார வைத்தேன். விரல் நடுங்கியது. பயம் போகட்டும் என்று நிதானமாக ஆரம்பித்தேன்.

"இது ஒண்ணும் வித்தை இல்ல. தபால் மாதிரிதான். மொதல்ல முகவரி. எந்த எலாகா, எந்தப் பொருளு, யாரோடது. மருத்துவம், சாய்கோடு, வலிப்பெட்டி, சாய்கோடு, அவரு பெட்டி நம்பரு. அடி."

அடித்தாள்.

"அடுத்தாப்ல வினை. நீ என்ன செய்யச் சொல்லுதன்னு சேவைக்குத் தெரியணும்லா? 'எடு'ன்னு போட்டா இப்ப என்ன இருக்குன்னு காட்டும், ஒண்ணும் மாறாது. 'வை'ன்னு போட்டா நீ சொல்லுத அளவுல கொண்டு நிறுத்தும். பத்து தடவ சொன்னாலும் அதே அளவுதான். ஆனா அது பெட்டியத் தைக்கும்போது டாக்டர் மட்டும் போடுதது, குடும்பத்துக்கு உரிமை இல்ல. 'கூட்டு'ன்னா இருக்கதோட ஏத்தும். உனக்குக் 'கூட்டு'தான்."

"கூட்டு" என்று முணுமுணுத்தபடி அடித்தாள்.

"மூணாவது தலைப்பட்டி. உறை மேல அவசரம், தேதின்னு எழுதுவோம்லா, அந்த மாதிரி. வரிசை எண்ணும் இங்கதான் வரும், அத நாமளே போடணும். எழுபத்தொண்ணுன்னு போடு. அதுக்குக் கீழ உள்ளடக்கம். என்ன வேணும், ஏன் வேணும். படி, ஒண்ணு. காரணம்…"

"காரணம் நானே சொல்லவா?"

"நீ சொல்லி எவன் கேப்பான்? நான் சொல்லுதேன், அடி. காயம்பட்டவருக்கு வலி பொறுக்க முடியவில்லை, படி ஒன்று ஏற்றித் தரவும்."

கடைசியில் முத்திரை. வலது பெருவிரலை வைத்து அழுத்தினாள். மணி பத்து நாற்பது. திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்தது. காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து 'பதில் வரவில்லை' என்று வந்தது.

"போகலையா அண்ணாச்சி?"

"தெரியலம்மா. போன கடுதாசி தொலஞ்சுதா, வந்த பதில் தொலஞ்சுதான்னு இங்க உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்ல?"

அப்போது அவள் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார். ஜெசிந்தா காதில் வைப்பதற்குள் ரோச் கத்துவது எனக்கே கேட்டது. வார்த்தை இல்லாத கத்தல். பக்கத்துப் பலகையில் ஜாதிச் சான்றிதழுக்கு அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பழைய மனு உலகத்தில் பதில் வராவிட்டால் ஒரே வழிதான், மறுபடி எழுது. ஆனால் அப்படியே எழுதுகிறவன் மடையன். பழைய எண்ணைக் கண்டால் குமாஸ்தா 'ஏற்கெனவே பெறப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி, முதல் மனுவோடு நூலில் கோத்து, இரண்டையும் ஒரே குழியில் புதைத்துவிடுவான். புது எண் வேண்டும், புதுக் காரணம் வேண்டும். புதிதாக ஒருத்தர் வந்து நிற்பதைப் போல இருக்க வேண்டும். மூன்றாவது முறை என்றால் சாவோம் என்று ஒரு வரி கட்டாயம். அந்த வரி இல்லாத மூன்றாவது மனுவை நான் என் ஆயுளில் எழுதியதில்லை. அதைக் கண்டால்தான் எந்த அதிகாரியும் காலை மேசையிலிருந்து இறக்குவான்.

அந்தக் கை சும்மா இருக்குமா? "எழுபத்திரண்டு" என்றேன். அடித்தாள்.

"காரணம். இரண்டு பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு நிர்க்கதியாய் நிற்கிறேன்."

அவள் நிமிர்ந்தாள். "எனக்குப் பிள்ளையே இல்லியே அண்ணாச்சி."

"அடி. சேவை வந்து எண்ணியா பாக்கப் போகுது?"

அடித்தாள். பெருவிரலை வைத்தாள். மறுபடியும் 'காத்திருக்கவும்'. மறுபடியும் கைபேசி. இந்த முறை அவள் எடுக்கவில்லை, மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்று இருபதுக்கு எழுபத்துமூன்று. 'இனியும் காலம் தாழ்த்தினால் நானும் என் கணவரும் சாவதைத் தவிர வேறு வழியில்லை' என்று நான் சொல்லச் சொல்ல அவள் அழுதபடி அடித்தாள். நல்ல வரி. அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல வரியாகத்தான் பட்டது.

இரண்டாவதை அனுப்புவதற்கு முன் 'எடு' என்று ஒரு கோரிக்கை போட்டிருக்கலாம். இப்போது எத்தனாம் படி, வரிசையில் ஏதாவது நிற்கிறதா என்று சேவை காட்டியிருக்கும். அதை அவளுக்கு அரைமணி நேரத்துக்கு முன் நானே விளக்கியிருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்த அலுவலகத்திடமும் 'என்ன செய்திருக்கிறீர்கள்' என்று நான் கேட்டதில்லை. திரும்பத் திரும்பக் கொடு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பதினொன்று முப்பத்தெட்டுக்குத் திரை ஒளிர்ந்தது. ஏற்றோம், எழுபத்தொன்று. ஏற்றோம், எழுபத்திரண்டு. ஏற்றோம், எழுபத்துமூன்று. வரிசையில் தேங்கி நின்றவை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறியிருந்தன.

"மூணும் வந்துட்டு அண்ணாச்சி!" ஜெசிந்தா எழுந்து நின்று என் கையைப் பிடித்தாள். "நல்லாருப்பிய. உங்க குடும்பம் நல்லாருக்கும்."

நாலும் மூன்றும் ஏழு. இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. வாயில் வந்தது வேறு.

"போயி ஒரு எட்டு பாத்துட்டு வாம்மா" என்றேன்.

"போறேன். பன்னெண்டாம் நம்பர் பஸ்ஸு இப்ப வந்துரும்."

ஆட்டோ பிடி, ஓடு, பெட்டியை அறுத்தெடுக்கச் சொல் என்று நான் சொல்லவில்லை. அவள் போன பிறகு ஆஸ்பத்திரிக்காவது போன் செய்திருக்கலாம். 'நீங்க யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத்தான் நான் நினைத்தேன். எஞ்சின் தூக்குகிற முரட்டு உடம்பு, தாங்கிக்கொள்வான் என்றும் நினைத்தேன். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பட்டா மாறுதல்.

அதன் பிறகு நடந்ததை நான் வழக்குக் காகிதங்களில்தான் படித்தேன். அவன் கத்தல் நின்றதும் நாத்தனார் நிம்மதியாகி, மூன்று நாளில் முதல் முறையாகச் சாப்பிடப் போயிருக்கிறாள். ஜெசிந்தா பன்னிரண்டே காலுக்கு வந்திருக்கிறாள். வார்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் 'மெதுவாப் பேசுங்க, இப்பதான் தூங்குதாவ' என்று சொன்னாளாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் ஈ உட்காராமல் அரைமணி நேரம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாளாம். நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஐந்தாம் மாதம் சேவைத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். பிரித்தால் உள்ளே மரியாதை. மாவட்டத்திலேயே மூத்த விளக்குநர் என்ற முறையில், மேற்படி வழக்கின் கோரிக்கைகளைப் பகுதி பகுதியாகத் தீர்ப்பாயத்துக்கு விளக்கி உதவ வேண்டுமாம். என் பெயர் அதில் சாட்சியாகத்தான் இருந்தது. ஜெசிந்தா யாரிடமும் என்னைச் சொல்லவில்லை. மாதா மேல் செய்த சத்தியம்!

தீர்ப்பாயம் என்பது பழைய பத்திரப்பதிவு அலுவலகத்தின் மாடி. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். அரசுத் தரப்பில் தணிக்கை அதிகாரி பூங்கோதை, முப்பத்தைந்து வயது, குரலை உயர்த்தாமல் பேசுகிற பெண். ஜெசிந்தா ஒரு பெண் காவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. துணைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

திட்டமிட்டுக் கொன்றாள் என்று தீர்மானமானால் பதினான்கு வருடம். கை தவறி நடந்தது என்றால் இரண்டு வருடம். அன்று முடிவாக வேண்டியது அது ஒன்றுதான்.

"சார், வரிசை எண் எதுக்கு? ஐயாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் பூங்கோதை.

"பதில் வராம ஒரே கோரிக்கைய மறுபடி அனுப்ப வேண்டி வரும்லாம்மா. அதே எண்ணோட அனுப்புனா, இது பழசுதான்னு சேவைக்குத் தெரியும். ரெண்டாம் தடவ செய்யாது. பழைய பதிலையே திருப்பி அனுப்பும்."

"எண் மாறியிருந்தா?"

"அது வேற கோரிக்கை."

"அதாவது வேற முடிவு. இந்த அம்மா ஒரு தடவை இல்ல, மூணு தடவை முடிவெடுத்தாங்கன்னு அர்த்தமா?"

"சேவையப் பொறுத்தவரைக்கும் அப்படித்தான்."

"காரணம்னு இருக்கே, அது யாரோட வார்த்தை?"

"சட்டப்படி, கேக்குதவங்களோட சொந்த வார்த்தை."

"மூணுலயும் இருக்கற ரேகை?"

"ஒரே ஆளோடது."

"வேற யாராவது இதுக்குப் பின்னால இருந்திருந்தா, கோரிக்கையில எங்கயாவது தெரியுமா?"

நான் தலைவரைப் பார்த்தேன். "அப்படி ஒரு பகுதி கோரிக்கையில இல்லீங்க ஐயா."

ஒன்று கூடப் பொய் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல ஒவ்வொன்றுக்கும் சரியான விடை சொன்னேன். தலைவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக யாரும் தனக்கு விளக்கியதில்லை என்று வேறு பாராட்டினார். எனக்கு அதில் ஒரு கணம் பெருமைகூட வந்தது, அதை இங்கே மறைக்க மாட்டேன்.

தேநீருக்குப் பத்து நிமிடம் விட்டார்கள். தாழ்வாரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குழாயடியில் ஜெசிந்தா வந்து நின்றாள். காவலர் நாலடி தள்ளி கைபேசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?" மிக மெதுவாகக் கேட்டாள். "அந்த எண்ணுதான் காரணம்னு இப்ப நீங்க சொன்ன பொறவுதான் எனக்கு வெளங்குச்சு. அஞ்சு மாசமா மண்டய ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரே எண்ணா அடிச்சிருந்தா அவிய இருந்திருப்பாவளா?"

"ஆமாம்மா."

"அப்ப எண்ணு எப்படி மாறுச்சு? நீங்க எழுபத்திரண்டுன்னு சொன்ன மாதிரி எனக்கு ஒரு ஞாபகம்."

குழாயை மூடினேன். அது ஒழுகியது, இன்னும் இறுக்கினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. உள்ளே போய்த் தலைவர் முன் ஒரு நிமிடம் பேசினால் போதும். அவள் வீட்டுக்குப் போவாள், நான் மூன்று வருடம் உள்ளே போவேன். மூன்று வருடம் என்பது பெரிய காலமா? எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த நிமிடத்தில் பெரிதாகத்தான் இருந்தது.

"நான் எழுபத்தொண்ணுன்னுதான் மூணு தடவையும் சொன்னேன்" என்றேன். "நீ போனையும் பாத்துக்கிட்டு, அழுதுக்கிட்டு, மாத்தி மாத்தி அடிச்சிட்ட. நானும் கவனிக்கல."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி சுருங்கியது. தன் வலது கையைத் திருப்பி, விரல்களைப் பார்த்தாள்.

"இருக்கும்" என்றாள். "கை நடுங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. நாந்தான் அப்ப."

"இப்ப அழுது பிரயோஜனம் இல்ல. உள்ள போயி அதயே சொல்லு. பதட்டத்துல எண்ண மாத்தி அடிச்சிட்டேன்னு சொல்லு. கை தப்புன்னு ஆனா ரெண்டே வருஷம்தான். நான் சொல்லுததக் கேளு."

"நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்களையும் வேல மெனக்கெட வச்சு இங்க இழுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

அவளுக்குப் பன்னிரண்டு வருடம் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று கோரிக்கையிலும் மூன்று வேறு காரணங்கள் இருப்பது எனக்கு அப்போது ஞாபகம் வராமல் இல்லை. நினைத்துப் பார்க்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

தலைவர் உட்கார்ந்ததும் அவள் தானே எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் கொல்லணும்னு செய்யல. பதட்டத்துல எண்ண மாத்தி அடிச்சிட்டேன். மூணுலயும் ஒரே எண்ணுதான் போட நெனச்சேன். என் கைதான் தப்பு."

தலைவர் பேனாவை எடுத்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன். பூங்கோதை மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு அவளுக்கு அருகில் போனார். கோபமாகப் பேசவில்லை. அக்கா தங்கையிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"சரிம்மா, எண்ணை மாத்தி அடிச்சிட்டீங்க. ஒத்துக்கறேன். முதல் கோரிக்கையில 'வலி பொறுக்க முடியவில்லை'ன்னு இருக்கு. ரெண்டாவதுல 'இரண்டு பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு நிர்க்கதியாய் நிற்கிறேன்'னு இருக்கு. உங்களுக்குக் குழந்தையே இல்ல. மூணாவதுல 'நானும் என் கணவரும் சாவதைத் தவிர வேறு வழியில்லை'ன்னு இருக்கு. ஒரே கோரிக்கையத்தான் திரும்ப அனுப்ப நெனச்சீங்கன்னா, வாசகம் ஏன்மா மூணு தடவையும் மாறுச்சு? இதுல எது கை தவறி அடிச்சது?"

ஜெசிந்தா மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"பதில் சொல்லும்மா" என்றார் தலைவர்.

நான் என் முன்னால் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.